அறிவியல் நாளுக்கு எதை வாங்கலாம்? ‘நூறு சோதனை’ கிட்டும் பக்கத்துக் கடைப் பொருள்களும்: ஒரு மதிப்பீடு

பிப்ரவரி 28 நெருங்கினால் பள்ளிகளிலும் நூலகங்களிலும் அடுக்கக நலச் சங்கங்களிலும் ஒரே பேச்சுதான்: முப்பது பிள்ளைகள் வருகிறார்கள், அரை நாள் அறிவியல் செய்யவைக்க வேண்டும், என்ன வாங்குவது? 1928இல் அதே தேதியில் ராமன் விளைவு கண்டறியப்பட்டதை ஒட்டி 1987 முதல் தேசிய அறிவியல் நாள் கொண்டாடப்படுகிறது. அந்த வாரத்தில் பொம்மைக் கடைகளிலும் இணையத்திலும் ‘100 சோதனைகள்’ என்று அச்சடித்த பெட்டிகள் நன்றாக விற்கும். முப்பது பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டி சரிப்படாது. அதே பணத்தை மளிகைக் கடை, மெடிக்கல் ஷாப், ஸ்டேஷனரி கடை, மீன்தொட்டிக் கடை என்று நாலு இடத்தில் பிரித்துச் செலவழித்தால் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு சோதனை நடக்கும். எந்தப் பொருள் உழைக்கிறது, எது காலை வாருகிறது என்று கீழே சொல்லியிருக்கிறோம். அளவுகள் எல்லாம் 8 முதல் 12 வயதுள்ள 30 பிள்ளைகளுக்கு. ஆறு பேருக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில்.

பெட்டி கிட்

எந்த நிறுவனத்துப் பெட்டி என்று பெயர் சொல்லத் தேவையில்லை. இந்த வகைப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான சங்கதிதான் இது. உள்ளே நாலைந்து சோதனைக் குழாய், ஒரு சொட்டுக்குழல், ஒரு பூதக்கண்ணாடி, லிட்மஸ் தாள், நாலைந்து குப்பிகளில் பொடி, ஒரு எல்.இ.டி., ஒரு பொத்தான் பேட்டரி, ஆங்கிலத்தில் ஒரு கையேடு. நூறு என்ற எண்ணிக்கை எப்படி வருகிறது என்றால், ஒரே லிட்மஸ் தாளை எலுமிச்சையில் நனைப்பது ஒரு சோதனை, வினிகரில் நனைப்பது இன்னொன்று, சோப்பு நீரில் நனைப்பது மூன்றாவது. பொடிகள் இரண்டு தடவைக்கு வந்தால் அதிகம். வீட்டில் ஒரு பிள்ளை ஒரு வாரம் விளையாட அது போதும். முப்பது பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் செய்ய இருபத்தொன்பது பேர் எட்டிப் பார்ப்பதுதான் நடக்கும். எட்டிப் பார்க்கிற பிள்ளை பத்தாவது நிமிடத்தில் அடுத்த மேசையைத் தட்டிவிடும். கூட்டத்தில் நடக்கிற விபத்துகளில் பெரும்பகுதி சும்மா இருக்கும் கையால்தான் வருகிறது.

அப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, ஐ.எஸ்.ஐ. முத்திரை. பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருளில் ஐ.எஸ். 9873, மின்சாரத்தில் இயங்குவது என்றால் ஐ.எஸ். 15644 என்ற எண்ணும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் உண்மையா என்று தெரிந்துவிடும். இரண்டு, பேட்டரி மூடியில் திருகாணி இருக்கிறதா என்பது. நகத்தால் திறக்கிற மூடி என்றால் பெட்டியைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகும். மூன்று, குப்பிகளில் நீலப் படிகம் இருக்கிறதா என்பது. காப்பர் சல்பேட், நம் ஊர் மயில்துத்தம்தான் அது. பார்க்க அழகு, வாய்க்குப் போனால் விஷம். குழு நாளில் அந்தக் குப்பிக்கு வேலை இல்லை.

சங்குப்பூ: எல்லாவற்றிலும் முதலிடம்

ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். 50 நீலச் சங்குப்பூ, அரை லிட்டர் வெந்நீர், பத்து நிமிடம். வடிகட்டினால் அடர் நீலச் சாறு வரும். அதோடு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்தால் இரண்டு லிட்டர். முப்பது பேருக்கு ஆளுக்கு மூன்று சிறு கப் ஊற்ற இது போதும். வேலியில் பூ இல்லாத ஊர் என்றால் நீலத் தேநீர் என்று விற்கும் காய்ந்த பூ 5 கிராம் அதே வேலையைச் செய்யும். ஊதா முட்டைக்கோஸைத்தான் இணையத்தில் எல்லோரும் காட்டுகிறார்கள். அது சின்ன ஊர்களில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை கூடுதல், வேகவைத்தால் அறை முழுக்க நாற்றம். சங்குப்பூவுக்கு அந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

இந்தச் சாறு அமிலம் பட்டால் ஒரு நிறத்துக்கும், காரம் (அல்கலி) பட்டால் இன்னொரு நிறத்துக்கும் மாறும். எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டால் நீலம் ஊதாவாகி, இன்னும் விட்டால் இளஞ்சிவப்பாகும். ஆப்பசோடா கரைசலுக்கு நீலப்பச்சை. துணி துவைக்கும் கட்டி சோப்பைக் கரைத்த நீருக்கு நல்ல பச்சை. பலர் பாத்திரம் கழுவும் ஜெல்லைக் கொண்டுவந்து ‘நிறமே மாறவில்லை’ என்று விழிப்பார்கள். அந்த ஜெல் பெரும்பாலும் நடுநிலைக்குப் பக்கத்தில் இருப்பது. காரம் வேண்டுமென்றால் சலவைக் கட்டிதான். பிள்ளைகளுக்குப் பிடித்த கட்டம், ஊதாவான கப்பில் சோடா கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு மறுபடி நீலத்துக்குக் கொண்டுவருவது. எத்தனை சொட்டு ஆனது என்று எழுதச் சொல்லுங்கள். பக்கத்துப் பிள்ளையின் எண்ணோடு அது ஒத்துப்போகாதபோது தொடங்கும் சண்டையில்தான் அளவீடு என்றால் என்ன என்று புரியும்.

இங்கே தவறுவது தண்ணீரில். போர்வெல் தண்ணீரில் காரத்தன்மை தரும் பைகார்பனேட் நிறைய இருப்பதால் சாறு தொடக்கத்திலேயே பச்சைச் சாயலில் நிற்கும். எலுமிச்சையும் இரண்டு மடங்கு தேவைப்படும். கேன் தண்ணீர் வாங்குங்கள். முதல் நாள் இரவே சாறு எடுத்தால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெளியில் வைத்தால் நம் ஊர் வெப்பத்தில் மறுநாள் மதியத்துக்குள் புளித்து மங்கிவிடும்.

மஞ்சள் தாளும் நல்ல துணை. மஞ்சள்தூளைக் கெட்டியாகக் கரைத்து வெள்ளைத் தாளில் பூசி, நிழலில் காயவைத்து, விரல் அகலத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். சோப்பு நீர் பட்டால் செங்கல் சிவப்பாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து சிவப்பதும் இதே வேதியியல்தான் என்று சொன்னால் பிள்ளைகள் டக்கென்று பிடித்துக்கொள்வார்கள். அதற்காகச் சுண்ணாம்பு டப்பாவையோ பாக்கெட்டையோ மேசைக்குக் கொண்டுவராதீர்கள். பாக்கெட்டை அழுத்தும்போது அது பீய்ச்சிக்கொண்டு கண்ணில் அடிக்கும். சுண்ணாம்பு கருவிழியை அரிக்கும். பார்வையே போன பிள்ளைகள் உண்டு. காரத்துக்குச் சோப்பு நீர் தாராளம்.

ஆப்பசோடாவும் வினிகரும்

எரிமலைப் பொம்மை செய்து பொங்கவிடுவதைவிட, பாட்டில் வாயில் பலூனை மாட்டி ஊதவைப்பது மேல். வாயு உருவானது கண்ணுக்குத் தெரியும், மேசையும் நனையாது. அரை லிட்டர் பெட் பாட்டிலில் 60 மி.லி. வினிகர், பலூனுக்குள் முக்கால் டீஸ்பூன் ஆப்பசோடா. 4 சதவீத வினிகர் 60 மி.லி.யில் இருக்கும் அமிலத்துக்குச் சுமார் மூன்றரை கிராம் சோடா போதும். கிடைப்பது ஏறத்தாழ ஒரு லிட்டர் கரியமில வாயு. அதற்கு மேல் சோடாவைக் கொட்டினால் பலூன் பெரிதாகாது, அடியில் வெள்ளையாகத் தங்கும். ‘சோடாவை இரட்டிப்பாக்கினால் பலூனும் இரட்டிப்பாகுமா’ என்று முன்கூட்டியே கேட்டு, கையுயர்த்தச் சொல்லி, பிறகு செய்துபாருங்கள். அந்த மேசைக்கு இந்த ஒரு கேள்வியே போதும்.

இரண்டு பேருக்கு ஒரு பாட்டில் என்றால் 15 பாட்டில், ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வினிகர், 100 கிராம் சோடா. இரண்டாம் சுற்றுக்கும் சேர்த்து இரண்டு மடங்கு வாங்குங்கள். கடையில் மூன்று குழப்பம் நேரும். பேக்கிங் பவுடரைக் கொடுத்துவிடுவார்கள். அதில் மாவும் அமில உப்பும் கலந்திருப்பதால் வாயு மிகக் குறைவாகவே வரும். சலவைச் சோடாவைக் கொடுத்துவிடுவார்கள். அதுவும் பொங்கும், ஆனால் கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல். ஆய்வகக் கடையில் அடர் அசிட்டிக் அமிலத்தை மலிவாகக் கொடுத்து ‘தண்ணீர் கலந்துக்கோங்க’ என்பார்கள். தோலைச் சுட்டுப் பொசுக்கும் சரக்கு அது, வேண்டவே வேண்டாம். லேபிளில் 4 சதவீதம் அல்லது 5 சதவீதம் என்று இருக்கும் சமையல் வினிகர் மட்டுமே.

பலூனை வாயால் ஊதித் தளர்த்தவிடாதீர்கள். கைப்பம்பு ஒன்று வாங்கிவிடுங்கள். ஊதாத பலூனும் வெடித்த துண்டும் எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் தொண்டையை அடைக்கக்கூடியவை. தம்பி தங்கைகள் கூட வருகிற நிகழ்ச்சி என்றால் வெடித்த துண்டைப் பொறுக்குவதற்கென்றே ஒருவரை நிறுத்துங்கள். பலூன் ரப்பர் ஒவ்வாத பிள்ளை யாரேனும் உண்டா என்பதைப் பதிவுப் படிவத்திலேயே கேட்டுவிடலாம்.

இதே வாயுவில் ராக்கெட்டும் விடலாம். கேமரா ஃபிலிம் டப்பா இப்போது கிடைக்காது. தண்ணீரில் போட்டால் பொங்கும் வைட்டமின் சி மாத்திரை வரும் பிளாஸ்டிக் குழாய் அதைவிட நன்றாக உழைக்கிறது. பாதி மாத்திரை, 15 மி.லி. தண்ணீர், மூடியை அழுத்தித் தலைகீழாக நிறுத்தி இரண்டு மீட்டர் விலகினால் சில நொடிகளில் பறக்கும். ஈனோ போட்டால் தூள் என்பதால் மூடுவதற்குள்ளேயே பொங்கித் தீர்ந்துவிடும்; டிஷ்யூ தாளில் பொட்டலம் கட்டிப் போட்டால் அந்த நாலு நொடி அவகாசம் கிடைக்கும். பறக்காமல் நின்றுவிட்ட குழாயைக் குனிந்து பார்க்கக் கூடாது. அதுதான் முகத்தில் அடிக்கிற நேரம். ஒரு நிமிடம் விட்டு, பாதுகாப்புக் கண்ணாடி போட்ட பெரியவர் பக்கவாட்டில் இருந்து கம்பால் தள்ள வேண்டும். திருகு மூடி பாட்டிலையோ கண்ணாடிக் குப்பியையோ இதற்குப் பயன்படுத்தவே கூடாது. மூடி கழலாமல் பாட்டிலே வெடிக்கும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு: பெரியவர் கைக்கு மட்டும்

யானைப் பற்பசை என்று வீடியோக்களில் கூரையைத் தொடும் நுரையெல்லாம் 30 சதவீதப் பெராக்சைடில் செய்வது. பட்ட இடம் வெந்துபோகும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 6 சதவீதம் போதும். ‘20 வால்யூம்’ என்று லேபிளில் இருப்பதற்குப் பொருள், ஒரு மில்லி லிட்டரிலிருந்து 20 மி.லி. ஆக்சிஜன் வரும் என்பது. 50 மி.லி. ஊற்றினால் ஒரு லிட்டர் வாயு. குறுகிய வாய் பாட்டிலில் இதை ஊற்றி, ஒரு மேசைக்கரண்டி பாத்திர ஜெல் சேர்த்து, மூன்று மேசைக்கரண்டி வெதுவெதுப்பான நீரில் ஒரு டீஸ்பூன் ஈஸ்ட் கரைத்து விடுங்கள்.

பொங்காவிட்டால் காரணம் இரண்டில் ஒன்று. பெராக்சைடு பாட்டில் பழையது. திறந்து வைத்தது மெல்ல மெல்ல வெறும் தண்ணீராகிவிடும். அல்லது ஈஸ்ட் பழசாகி வீரியம் போனது. நம் ஊர்க் கடைகளில் ஈஸ்ட் பாக்கெட் மாதக்கணக்கில் வெயில் படும் அலமாரியில் கிடக்கிறது. முதல் நாளே வெதுவெதுப்பான சர்க்கரை நீரில் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் நுரை வராவிட்டால் தூக்கிப்போடுங்கள். அதற்கு மாற்று வேகவைக்காத உருளைக்கிழங்கு. துருவிப் பிழிந்த சாறும் அதே வேலையைச் செய்யும், மெதுவாக. எது வேகம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது தனி ஈஸ்ட்டைவிடச் சுவையான செய்முறை. நுரையில் மிச்சப் பெராக்சைடு இருக்கும், தொட்டால் விரல் வெளுத்து எரியும். பிள்ளைகள் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கட்டும்.

சாக்பீஸ்: மலிவு, அமைதி

ஒரு பெட்டி சாக்பீஸும் தண்ணீரில் கரையும் ஸ்கெட்ச் பேனாவும்தான் முதலீடு. சாக்பீஸின் அடியிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டரில் கறுப்பு அல்லது பழுப்பு வளையம் போட்டு, அரை சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரில் நிறுத்த வேண்டும். பதினைந்து நிமிடத்தில் கறுப்பு பிரிந்து நீலமும் சிவப்பும் மஞ்சளுமாக ஏறும். வளையம் தண்ணீருக்குள் முழுகிவிட்டால் சாயம் தட்டில் கரைந்து ஒன்றும் ஏறாது. பிள்ளைகளில் பாதிப் பேர் செய்யும் பிழை இதுதான். பர்மனன்ட் மார்க்கர் தண்ணீரில் நகராது. தூசியில்லாச் சாக்பீஸ் இறுக்கமானது என்பதால் ஏற நேரமெடுக்கும். பழைய பாணி உதிரும் சாக்பீஸை வாங்குங்கள். எல்லாக் கறுப்புப் பேனாவும் பிரியாது. இரண்டு மூன்று நிறுவனப் பேனாக்களை முன்கூட்டி வீட்டில் பார்த்து, நன்றாகப் பிரிவதையும் பிரியாததையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். அப்போதுதான் ஒப்பிட ஏதாவது இருக்கும். ஆரவாரமான மேசைக்கு அடுத்து இந்த மேசையை வைத்தால் பிள்ளைகள் தாமாகவே அடங்குவார்கள்.

கார்ன்ஃப்ளார்

100 கிராமுக்கு 80 மி.லி. தண்ணீர், இரண்டு பேருக்கு ஒரு கிண்ணம், மொத்தம் ஒன்றரை கிலோ. தண்ணீரை முக்கால் பங்கு ஊற்றிக் கிளறிவிட்டு, மீதியைக் கரண்டி கரண்டியாகச் சேர்க்க வேண்டும். குத்தினால் கல், விரலை மெல்ல விட்டால் கூழ். தண்ணீர் ஒரு கரண்டி கூடினாலும் வெறும் கஞ்சி. அப்போது மாவு சேர்த்து மீட்கலாம். மஞ்சளான மக்காச்சோள மாவை வாங்கிவந்து ஏமாறாதீர்கள், வெள்ளை வெளேரென்ற கார்ன்ஃப்ளார்தான் வேண்டும். இதைத் தொட்டிக் குழாயில் கொட்டினால் அடியில் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். காயவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

ஸ்லைம் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்குச் சொல்லப்படும் வெண்காரம் நாட்டு மருந்துக் கடையில் கேள்வி கேட்காமல் கிடைக்கும், வாய்ப்புண்ணுக்குத் தடவுகிற பழக்கமும் இருப்பதால் ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள். விழுங்கினால் நஞ்சு; பல நிமிடம் கையில் பிசைந்தால் தோலும் எரியும். கார்ன்ஃப்ளாரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சிரிஞ்சும் மீன்தொட்டிக் குழாயும்

பெரிய பிள்ளைகளுக்கு இதைவிடக் கொடுத்த காசுக்கு உழைக்கிற பொருள் வேறில்லை. 10 மி.லி. சிரிஞ்சு இரண்டு, இடையில் மீன்தொட்டிக் காற்றுக் குழாய் அரை மீட்டர். அந்தக் குழாயின் உள்வாய் சிரிஞ்சு மூக்கில் சிக்கென்று உட்காரும். முப்பது பேருக்கு 30 சிரிஞ்சு, ஏழரை மீட்டர் குழாய். ஒரு முனையைத் தள்ளினால் மறுமுனை எழும். பிறகு ஒரு பக்கம் 5 மி.லி., மறுபக்கம் 20 மி.லி. மாட்டி எதிரெதிராகத் தள்ளச் சொல்லுங்கள். சின்னதைப் பிடித்திருக்கும் எட்டு வயதுப் பெண் பெரியதைப் பிடித்த பையனை எளிதாக வெல்லும்போது மூடிய திரவத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்ற பாஸ்கல் விதி மேசையில் வந்து உட்கார்ந்துவிடும். குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் தள்ளுவது பஞ்சாகத் தெரியும். முதலில் வேண்டுமென்றே காற்றோடு செய்து, அப்புறம் தண்ணீருக்குள் முழுக்கி நிரப்பினால் காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது என்பது கையிலேயே விளங்கும்.

சிரிஞ்சுகள் புதிதாக, உறை பிரிக்காமல் இருக்க வேண்டும். ஊசியோடுதான் விற்பார்கள் என்றால் பெரியவர் வீட்டிலேயே ஊசிகளைக் கழற்றி, கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மருந்துக் கடையிலோ மருத்துவமனையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். நிகழ்ச்சி இடத்துக்கு ஊசி ஒன்றுகூட வரக் கூடாது.

மின்சார மேசை

எல்.இ.டி.க்குப் பொத்தான் பேட்டரி வசதிதான், ஆனால் மேலே சொன்ன காரணத்தால் தள்ளுபடி. இரண்டு ஏஏ பேட்டரியும் தாங்கியும் வாங்குங்கள். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெருவில் கூடை கூடையாகக் கிடைக்கும். வெள்ளை எல்.இ.டி. மூன்று வோல்ட்டில் நேரடியாக எரியும். சிவப்புக்கு இரண்டு வோல்ட்டே போதும் என்பதால் 100 ஓம் மின்தடை ஒன்று இடையில் வேண்டும், இல்லாவிட்டால் சீக்கிரம் கருகிவிடும். நீளக் கால்தான் நேர்முனை. எரியவில்லை என்று கை தூக்கும் பிள்ளையிடம் முதலில் திருப்பி மாட்டச் சொல்லுங்கள்.

ஒரு எலுமிச்சையில் விளக்கு எரிவதாகப் பெட்டியில் படம் போட்டிருக்கும். எரியாது. செம்புக் கம்பியும் துத்தநாகம் பூசிய ஆணியும் குத்திய ஒரு பழம் 0.9 வோல்ட் அளவில்தான் தரும், ஓட்டமும் மிகச் சொற்பம். நாலு பழத்தைத் தொடராகக் கட்டினால் சிவப்பு எல்.இ.டி. மங்கலாக எரியும்; அறையை இருட்டாக்கித்தான் பார்க்க வேண்டும். மின்னளவி ஒன்று இருந்தால் ஒவ்வொரு பழம் சேரும்போதும் வோல்ட் ஏறுவதைக் காட்டலாம், அது விளக்கைவிட நேர்மையான காட்சி. அந்தப் பழத்தைப் பிறகு சாறு போட்டுக் குடிக்கக் கூடாது, துத்தநாகம் கரைந்திருக்கும்.

காந்தத்துக்குப் பழைய ஒலிபெருக்கிகளில் இருக்கும் கறுப்பு வளைய வகையே நல்லது. பாசிமணி அளவு நியோடிமியம் குண்டுகளை இரண்டு விழுங்கிவிட்டால் குடல் சுவர்கள் நடுவில் நசுங்கி ஓட்டை விழும்.

ஃபோல்ட்ஸ்கோப்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷும் குழுவினரும் 2014இல் வெளியிட்ட மடிப்பு நுண்ணோக்கி. 140 மடங்கு பெரிதாக்குகிறது; வெங்காயத் தோலின் செல்கள் செங்கல் அடுக்கியதுபோல் தெரியும். விலைக்கு இப்படி ஒரு காட்சி வேறெதிலும் கிடைக்காது, ஐயமில்லை. ஆனால் கண்ணை லென்ஸை ஒட்டி வைத்து ஒருவர் மட்டுமே பார்க்க முடியும். மடித்துச் சேர்ப்பதற்கே அரை மணி நேரம் போய்விடும். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொறுமை போதாது. முன்கூட்டியே மடித்துத் தயாராக வைத்த மூன்று, ஒரு மேசைக்குச் சரி. ஒன்றைக் கைப்பேசிக் கேமராவில் ஒட்டிவைத்தால் ஆறு பேரும் சேர்ந்து பார்க்கலாம். வெங்காயத் தோலில் பத்து மடங்கு நீர்த்த பீட்டாடின் (அயோடின் உள்ள புண் மருந்து) ஒரு சொட்டு விட்டால் உட்கரு எடுப்பாகத் தெரியும். மிச்சப் பீட்டாடினைச் சோற்றுப் பருக்கையிலும் உருளைத் துண்டிலும் விடச் சொல்லுங்கள். மாவுப் பொருள் கருநீலமாகும், வெள்ளரித் துண்டு அப்படியே பழுப்பாக நிற்கும். சூரியனை நோக்கிப் பார்க்கக் கூடாது என்பதை மேசையில் எழுதி ஒட்டுங்கள். இது பூதக்கண்ணாடிக்கும் பொருந்தும்.

பருவம் பார்த்து எடுக்க வேண்டியவை

சீப்பும் தாளும், உரசிய பலூன் சுவரில் ஒட்டுவது போன்ற நிலைமின் சோதனைகள் காற்று உலர்ந்திருந்தால்தான் நடக்கும். நவம்பர் 14ஐ ஒட்டி மழைக் காலத்தில், அதிலும் கடலோர ஊர்களில், மின்னூட்டம் நிற்பதே இல்லை. சோப்புக் குமிழிக்கு நேர் எதிர்: ஈரக் காற்றில் நீடிக்கும், காய்ந்த வெயிலில் உடையும். ஒரு லிட்டர் கேன் தண்ணீர், 100 மி.லி. பாத்திர ஜெல், இரண்டு மேசைக்கரண்டி கிளிசரின் கலந்து ஓர் இரவு வைத்துவிடுங்கள். போர் தண்ணீரின் கடினத்தன்மையில் குமிழி பெரிதாகாது.

அந்தக் கிளிசரின் பாட்டிலைக் குமிழிக் கரைசல் கலந்ததும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் அதே அலமாரியில் இருக்கும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின்மேல் சொட்டினால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும், வீடியோ பார்த்த பிள்ளைகளுக்கு இது தெரியும். டிரை ஐஸ் எனும் உலர்பனிக்கட்டியும் வேண்டாம். மைனஸ் 78 டிகிரியில் இருப்பது அது. மூடிய பாட்டிலில் போட்டால் குண்டு. திரவ நைட்ரஜனும் வேண்டாம்: அதில் தோய்த்த புகை பிஸ்கட் விவகாரத்துக்குப் பிறகு 2024 ஏப்ரலில் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்ததை அமைப்பாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அம்மோனியம் டைகுரோமேட் எரிமலை பழைய பள்ளிக் கண்காட்சிகளின் நட்சத்திரம். அதன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது, தொடவே கூடாது.

கண்ணாடி, தண்ணீர், நேரம்

பணத்தில் முதல் பங்கு பாதுகாப்புக் கண்ணாடிக்கு. ஹார்டுவேர் கடையில் தொங்கும் பக்கவாட்டில் திறந்த கண்ணாடி தூசிக்கானது. துளி தெறித்தால் ஓரமாக உள்ளே போகும். முகத்தைச் சுற்றி மூடி, மேலே மறைமுகக் காற்றுத் துளை உள்ளதைக் கேளுங்கள், வார் சிறுவர் தலைக்குச் சுருங்குகிறதா என்று பாருங்கள். 30 வாங்க முடியாவிட்டால் வினிகர் மேசைக்கும் ராக்கெட் விடுபவர்களுக்கும் 12, பெரியவர்களுக்கு 5. ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் சோப்புத் துணியால் துடைத்து மாற்றலாம்.

குழாய் வைத்த 20 லிட்டர் கேன் ஒன்றை உயரமான ஸ்டூலில் தனியாக வைத்து, ‘கண் கழுவ மட்டும்’ என்று எழுதுங்கள். எது பட்டாலும் இமையை விரித்துப் பிடித்து 15 நிமிடம் மெல்லிய ஓட்டத்தில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், அதன் பிறகுதான் மருத்துவமனைப் பேச்சு. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கேன் பற்றாது. பக்கத்தில் இன்னொன்று நிற்கட்டும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். 108ஐ அழைத்து, விழுங்கிய பொருளின் லேபிளைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஐந்து மேசை, மேசைக்கு 25 நிமிடம், மாற 5 நிமிடம். பத்து மணிக்குத் தொடங்கினால் பன்னிரண்டரைக்கு முடியும். ராக்கெட்டைக் கடைசியாக வெளியில் எல்லோரும் சேர்ந்து விடலாம். தொடக்கத்திலேயே விட்டால் மற்ற மேசைகளில் யாரும் உட்கார மாட்டார்கள். பிஸ்கட்டும் ஜூஸும் வேறு அறையில், கை கழுவிய பிறகே. சங்குப்பூச் சாறும் எலுமிச்சையும் குடிக்கிற பொருள்தான் என்றாலும் மேசையில் இருப்பது எதையும் வாயில் வைக்கக் கூடாது என்ற விதிக்கு விலக்கே வேண்டாம்.

மிச்சமாகும் பொருள்களில் சிரிஞ்சு, குழாய், எல்.இ.டி., காந்தம், கண்ணாடி எல்லாம் அடுத்த ஆண்டுக்கும் உழைக்கும். பேட்டரியைத் தாங்கியிலிருந்து கழற்றி வையுங்கள், கசிந்தால் தாங்கியும் போய்விடும். ஆப்பசோடாவைக் காற்றுப் புகாத டப்பாவில் போடலாம். திறந்த பெராக்சைடையும் ஈஸ்ட்டையும் எடுத்துவைக்க வேண்டாம். பெராக்சைடை நிறையத் தண்ணீரோடு சாக்கடையில் ஊற்றிவிட்டு அடுத்த பிப்ரவரிக்குப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.